எடை மேடை அறையில் எஸ்டி கார்டு ஏன் அடிக்கடி போகிறது?

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றில் எடை மேடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்று இருக்கிறது. எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் வயர் வழியாக வினாடிக்கு ஒரு எண் வருகிறது. அதை வந்த கையோடு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் அந்த பை எழுதிவிடுகிறது. 32 ஜிபி எஸ்டி கார்டு. நான்கு மாதத்துக்கு ஒன்று என்று இதுவரை மூன்று கார்டு போய்விட்டதாம். “யூ3 போதுமா, வி30 வாங்கட்டுமா? ஒரு கார்டு எத்தனை வருடம் தாங்கும்?” என்பது அவருடைய கேள்வி. கூடவே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். மாலையில் மையத்தை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். தோட்டத்துக்குள் இஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் வைத்த மழை அளக்கும் பெட்டி ஒன்றும் உண்டு. அதன் கார்டில் அன்றைய கோப்பு சில சமயம் காலியாகக் கிடக்கிறது.

தம்பி, அந்த மெயின் சுவிட்ச் விஷயத்தைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லியிருக்கிறீர்கள். என் கணக்குப்படி உங்கள் பிரச்சினையே அதுதான். ஆனால் சொன்னால் நம்ப வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றாகப் போவோம்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம், அது உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாதது. கார்டின் முகத்தில் அச்சடித்திருக்கும் கிளாஸ் 10, யூ1, வி10 எல்லாம் ஒரே வாக்குறுதிதான்: தொடர்ச்சியாக எழுதினால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ3, வி30 என்றால் 30 எம்பி. வீடியோ எடுப்பவர்களுக்காக வந்த குறிகள் இவை. பெரிய கோப்பு ஒன்றை நிறுத்தாமல் எழுதும்போது எவ்வளவு வரும் என்பதை மட்டும் சொல்லும். நீங்கள் எழுதுவது வினாடிக்கு ஒரு வரி, ஏறக்குறைய 50 பைட். இதற்கு வி30 எதற்கு? அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 150, 200 எம்பி எல்லாம் வாசிக்கும் வேகம். பை 4-இன் கார்டு ஸ்லாட் வினாடிக்கு 50 எம்பிக்கு மேல் போகாது, மிச்சமெல்லாம் வீண். பை 5-இல் அது இரட்டிப்பாகிறது.

உங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டிய குறி ஏ1, ஏ2. சிறு சிறு துண்டாக, ஒவ்வொன்றும் 4 கேபி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசித்து எழுதும் திறனை அவை சொல்கின்றன. ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1,500 வாசிப்பு, 500 எழுத்து. ஏ2 என்றால் 4,000, 2,000. ஆனால் ஏ2-வின் எண்கள் கைக்கு வர, கட்டளைகளை வரிசையாக வாங்கி வைத்துக்கொள்ளும் வசதியும் கேஷை (தற்காலிக நினைவகத்தை) கையாளும் வசதியும் கருவியின் பக்கமும் இருக்க வேண்டும். பை 5-க்கு அந்த வரிசை வசதி 2024-இல் வந்தது. உங்கள் பை 4-இல் ஏ2 கார்டைப் போட்டாலும் அந்த எண்கள் வராது. சில ஏ2 கார்டுகள் நல்ல ஏ1 கார்டைவிட மெதுவாகக்கூட ஓடும். ஏ1 வாங்குங்கள், அந்தக் கேள்வி முடிந்தது.

இனி ஆயுள். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எஸ்டி கார்டுக்குள் இருப்பது நேண்ட் ஃபிளாஷ் என்ற நினைவகச் சிப். 1987-இல் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்காவின் குழு அறிவித்த அதே அமைப்புதான், அதன் அடிப்படை விசித்திரமும் இன்றுவரை மாறவில்லை. எழுதுவது பேஜ் பேஜாக நடக்கும். ஒரு பேஜ் 4 முதல் 16 கேபி வரை. அழிப்பதோ பிளாக் கணக்கில்தான் முடியும்; ஒரு பிளாக் இன்றைய சிப்புகளில் பல எம்பி. ஏற்கெனவே எழுதிய பேஜின் மேல் திருத்தி எழுத வழியே கிடையாது. கிராணி செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) ஒரே ஓர் ஆளின் பேரைத் திருத்த, புத்தகம் முழுவதையும் புதுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிவிட்டுப் பழையதை எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குள் இருக்கும் கண்ட்ரோலர் நாள் முழுக்கச் செய்வது அந்த வேலையைத்தான். புதிய தரவைக் காலி இடத்தில் எழுதி, ‘இந்த முகவரி இனி இங்கே’ என்று ஓர் அட்டவணையில் குறித்து, பழைய பிளாக்குகளில் இன்னும் உயிரோடிருக்கும் பேஜ்களை வேறிடத்துக்கு மாற்றி, அந்தப் பிளாக்கை அழிக்கிறது. நீங்கள் 4 கேபி எழுதச் சொன்னால், உள்ளே அதைப் போலப் பல மடங்கு எழுத்து நடந்து முடிகிறது.

ஒவ்வொரு அழிப்பிலும் சிப் கொஞ்சம் தேய்கிறது. ஒரு செல்லில் (தரவு நிற்கும் மிகச் சிறிய அறை) ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகை 50,000 முதல் 100,000 சுற்று வரை தாங்கும்; எழுதி அழிப்பது ஒரு சுற்று. இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி 3,000-இல் தொடங்கி 10,000 வரை. மூன்று பிட் டிஎல்சி ஆயிரம், இரண்டாயிரம் போல, மட்டமான சரக்கு அதற்கும் கீழே. நான்கு பிட் கியூஎல்சி சில நூறிலிருந்து ஆயிரம். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்டி கார்டில் இருப்பது டிஎல்சி அல்லது கியூஎல்சி. எது என்று அட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரே பேரில், ஒரே நிறத்தில் விற்கும் கார்டுக்குள் அடுத்த வருடம் வேறு சிப் இருப்பதும் சகஜம்.

சரி, உங்கள் கணக்கைப் போடுவோம். மையம் பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். 36,000 வினாடி, 36,000 வரி. ஒரு வரி 50 பைட் என்றால் நாளுக்கு 1.8 எம்பிதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எஸ்கியூலைட் ‘கார்டுக்குப் போய்ச் சேர்ந்ததா’ என்று உறுதி கேட்கிறது. தரவு பேஜ், எஸ்கியூலைட்டின் ஜர்னல் (மாற்றத்துக்கான பாதுகாப்புப் பதிவு), கார்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறையின் ஜர்னல் எல்லாம் சேர்ந்தால் ஒரு வரிக்கு 16 கேபி எழுத்து என்று வைப்பது நியாயமான மதிப்பு. அப்படியானால் நாளுக்கு 576 எம்பி. 1.8 எம்பி தரவுக்காக 320 மடங்கு எழுதுகிறீர்கள். வருடத்தில் 300 நாள் என்றால் 173 ஜிபி. கார்டுக்குள் நடக்கும் இடமாற்றத்தால் அது இன்னும் 20 மடங்காகிறது என்று கொள்வோம், ஏறக்குறைய 3.5 டிபி.

32 ஜிபி கார்டு, ஆயிரம் சுற்று. மொத்தம் 32 டிபி எழுதலாம். ஒன்பது வருடம் வருகிறது. நான் இரக்கமில்லாமல் 20 மடங்கை 100 மடங்காக்கினாலும் ஒரு வருடம் பத்து மாதம் ஓட வேண்டும். உங்கள் கார்டு நான்கு மாதத்தில் போகிறது. மூன்று கார்டும் அப்படியே. தேய்மானம் என்று சொன்னால் கணக்கு ஒத்துவரவில்லை.

தேய்மானம் வெறும் பூச்சாண்டி என்று சொல்ல வரவில்லை. டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஈஎம்எம்சி ஒன்று இருந்தது. எஸ்டி கார்டின் உறவுக்கார சிப்தான், போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதன் தாங்கும் அளவு பிளாக்குக்கு 3,000 சுற்று. கார் தன்னைப் பற்றிய லாகை (செயல் பதிவை) எழுதிக்கொண்டே இருந்ததில் நாளுக்கு 1.4 சுற்று வீதம் தேய்ந்தது. வகுத்துப் பாருங்கள், ஐந்தாறு வருடம். அது தீர்ந்ததும் திரை செத்தது, பின்பக்கக் கேமராவும் போனது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பிறகு 2021 பிப்ரவரியில் சுமார் 135,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த சிப் பழுதான சரக்கு என்று யாரும் சொல்லவில்லை. கணக்குப்படி எவ்வளவு உழைக்க வேண்டுமோ அவ்வளவு உழைத்துவிட்டுப் போனது. கணக்கைப் பார்க்காமல் லாக் எழுதியதுதான் கோளாறு. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், 8 ஜிபி மாதிரி சின்ன இடத்தில் எழுதும் பெட்டி உங்களிடம் இருந்தால் அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரிய கார்டு வாங்கினால் தேய்மானம் கூடுதல் பிளாக்குகளில் பரவும், ஆயுளும் ஏறக்குறைய அதே அளவுக்கு நீளும்.

உங்களுக்கு வருவோம். கார்டைக் கொல்வது மெயின் சுவிட்ச்.

கண்ட்ரோலர் பிளாக்குகளை இடம் மாற்றுவது நீங்கள் எழுதும் நொடியில் மட்டும் நடப்பதில்லை. சும்மா இருப்பதுபோல் தெரியும் நேரத்திலும் பின்னால் நடக்கலாம். அந்த நொடியில் மின்சாரம் போனால் எதை இழப்போம் என்று சொல்ல முடியாது. டிஎல்சியில் ஒரே செல்லை மூன்று பேஜ்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மூன்றாவது பேஜை எழுதும்போது கரண்ட் போனால், போன வாரம் பத்திரமாக எழுதி முடித்த முதல் பேஜும் சேர்ந்து கெடலாம். முகவரி அட்டவணையே பாதியில் நின்றுவிட்டால் அடுத்த நாள் காலையில் கார்டு சரியான கொள்ளளவைக்கூடச் சொல்லாது. இதனால்தான் ‘நாங்கள் அந்தக் கோப்பைத் தொடவேயில்லை, எப்படிக் கெட்டது?’ என்று ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். தினமும் மாலை அப்படி ஒரு சூதாட்டம். நம் பக்கம் பிற்பகல் இடி மழையில் பிரேக்கர் டிரிப் ஆவது தனிக்கணக்கு.

நான் சொல்வதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. செத்த மூன்று கார்டையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் ஒன்றை எடுத்து, வேறு கணினியில் முழுதாக ஃபார்மட் செய்து, லினக்ஸில் எஃப்3 என்ற நிரலை ஓட்டுங்கள். விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ. கார்டை முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். பிழையில்லாமல் முடிந்தால் கார்டு நல்ல கார்டுதான்; கரண்ட் வெட்டில் கெட்டது அதன் மேலிருந்த கோப்பு முறை மட்டும். மாறாக, ஃபார்மட் செய்து முடித்த மாதிரிக் காட்டிவிட்டு, கார்டைக் கழற்றி மறுபடி சொருகினால் பழைய கோப்புகள் அப்படியே திரும்பி வருகின்றன என்றால் அது நிஜமாகவே முடிந்துவிட்டது. ஆயுள் தீர்ந்த கார்டு பல சமயம் இப்படித்தான், வாசிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டு, எழுதச் சொன்னால் ஆமாம் சாமி போடும். எஃப்3 ‘32 ஜிபி இல்லை, 7 ஜிபிதான்’ என்று சொன்னால் உங்களிடம் போலிக் கார்டை விற்றிருக்கிறார்கள். கால் விலைக்குக் கிடைக்கும் 512 ஜிபிகளில் இது நிறைய.

அப்புறம் பையின் மின்சாரத்தையும் பாருங்கள். திரையில் மின்னல் குறி வருகிறதா, கெர்னல் லாகில் (இயங்குதளத்தின் செயல் பதிவில்) வோல்டேஜ் குறைவு என்று எச்சரிக்கை இருக்கிறதா? பழைய கைப்பேசி சார்ஜரில் ஓட்டுகிறீர்கள் என்றால் மெயின் சுவிட்சைத் தொடாமலே இதே கோளாறு வரும்.

சரிசெய்வது எப்படி? எழுத்தைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். வினாடிக்கு ஒருமுறை வரும் எடையை யாராவது என்றாவது திரும்பப் பார்த்திருக்கிறார்களா? லோரி மேடையில் ஏறும்போது எண் ஆடுகிறது, நிற்கிறது, இறங்கும்போது ஆடுகிறது. பணம் நிற்பது எடைச் சீட்டில். லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, குலையை இறக்கிவிட்டு வெறுமையாகப் போகும்போது ஒரு எடை. நாளுக்கு இருநூறு லோரி வந்தாலும் 400 வரி. அந்த 400 வரியை எவ்வளவு பயபக்தியோடு எழுதினாலும் கார்டுக்கு உறைக்காது. எனவே வினாடிக் கணக்கு ரேமில் இருக்கட்டும். வேண்டுமென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒரே கோப்பில் எழுதுங்கள். 576 எம்பி சில எம்பியாகச் சுருங்கிவிடும். எடைச் சீட்டுக்கு மட்டும் எஸ்கியூலைட்டின் முழு உறுதி முறையை விட்டுவிடாதீர்கள். வேகத்துக்காக டபிள்யூஏஎல் முறையை (மாற்றத்தை முதலில் தனிப் பதிவில் எழுதும் முறை) நார்மல் அமைப்பில் ஓட்டச் சொல்வார்கள். அதில் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போனால் கடைசிச் சில சீட்டுகள் காணாமல் போகலாம். அது ஒரு சிறு தோட்டக்காரரின் ஒரு லோரிக் குலை. அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்து, இயங்குதளம் இருக்கும் பகுதியை வாசிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். பையின் அமைப்பு மெனுவிலேயே ஓவர்லே கோப்பு முறை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் மாற்றங்கள் எல்லாம் ரேமில் நிற்கும், கார்டில் விழாது. சீட்டுத் தரவுக்கு மட்டும் தனிப் பகுதி. அதைவிட நல்லது, தரவை யூஎஸ்பி வழியாகச் சின்ன எஸ்எஸ்டி ஒன்றில் வைப்பது. பென்டிரைவில் வேண்டாம், அதன் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இதே தரச் சரக்குதான். ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கார்டில் எழுதுவதை) அணைப்பது, சிஸ்டம் லாகை ரேமுக்கு மாற்றுவது, கோப்பை வாசித்த நேரத்தைக் குறிக்காமலிருக்க நோஏடைம் போடுவது எல்லாம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். செய்யுங்கள், ஆனால் அவற்றால் மட்டும் உங்கள் கார்டு பிழைக்காது.

பிழைக்க வைப்பது 5 வோல்ட் யூபிஎஸ் ஒன்று. மின்சாரம் போனதை பைக்குத் தெரிவித்து, அது முறையாக மூடிக்கொள்ளும்வரை தாங்கினால் போதும்; ஒரு நிமிடம் தாராளம். மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள் என்று சுவரில் ஒட்டி வைத்துப் பயனில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். இன்னொன்று, பை 4-க்குத் தானாக நேரம் வைத்துக்கொள்ளும் கடிகாரம் கிடையாது. காலையில் இணையம் வருவதற்குள் முதல் லோரி ஏறிவிட்டால் சீட்டில் தப்பான தேதி விழும். ஓர் ஆர்டிசி (கடிகார) மாட்யூலும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

எந்தக் கார்டு? டேஷ்கேமுக்கு (காரில் வைக்கும் கேமராவுக்கு) விற்கும் ‘ஹை என்டியூரன்ஸ்’ வகை சாதாரணத்தைவிட நல்லது, விலையும் எட்டாததில்லை. ஆனால் அதன் ஆயுளை வீடியோ மணி நேரத்தில் சொல்வார்கள். வீடியோ நீளமாக எழுதுவது, உங்களைப் போலத் துண்டு துண்டாக எழுதினால் அந்த மணிக்கணக்கு பொருந்தாது. இண்டஸ்ட்ரியல் வகை கார்டுகளில்தான் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம், கரண்ட் வெட்டில் என்ன பாதுகாப்பு, என்ன சிப் என்று தரவுத்தாளில் இருக்கும். சில கார்டுகளில் ஆரோக்கியத்தையும் கேட்டுப் பார்க்கலாம். டிஎல்சி செல்லில் ஒரே பிட்டை வைத்து எஸ்எல்சி போல் ஓட்டும் பிஎஸ்எல்சி வகையும் உண்டு: கொள்ளளவு மூன்றில் ஒன்றாகும், தாங்குதிறன் பல மடங்கு ஏறும். விலை கூடும். ஆர்எஸ், எலிமென்ட்14 போன்ற மின்னணுப் பாக விற்பனையாளர்களிடம் மலேசியாவிலேயே கிடைக்கும். (நேண்ட் சிப்புகளை அடுக்கிச் சோதிக்கும் மைக்ரான் ஆலை பினாங்கு பத்து காவானில் இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் தோட்டம்தான்.) உங்களுக்கு யூபிஎஸ் வந்தபிறகு நல்ல பெயருள்ள ஏ1 ஹை என்டியூரன்ஸ் 64 ஜிபி போதும் என்பது என் அபிப்பிராயம். யூபிஎஸ் வாங்காமல் இண்டஸ்ட்ரியல் கார்டு வாங்குவதைவிட, யூபிஎஸ் வாங்கிச் சாதாரணக் கார்டைப் போடுவதே மேல்.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் தரவை மின்னூட்டமாக வைத்திருக்கிறது, அது மெல்லக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும், தேய்ந்த சிப்பில் இன்னும் வேகம். எழுத வேண்டிய அளவெல்லாம் எழுதி முடித்த எஸ்எஸ்டிகூட மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக வகைக்குக் கேட்பது. தகரக் கூரைக்குக் கீழே பூட்டிய இரும்புப் பெட்டியில் நண்பகலில் என்ன சூடு இருக்கும் என்று கையை வைத்துப் பாருங்கள். மாற்றுக் கார்டு என்று ஒன்றை எழுதி டிராயரில் போட்டு மூன்று வருடம் மறந்துவிடுவதும் நல்லதில்லை.

மழைப் பெட்டிக்கு வருகிறேன். இஎஸ்பி32-இல் கார்டை எஸ்பிஐ முறையில் மாட்டியிருப்பீர்கள். ஒரே வயரில் ஒவ்வொரு பிட்டாகப் போகிறது. 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் வினாடிக்கு 3 எம்பிதான் உச்சம், மழை அளக்க அது மிக அதிகம். இங்கே சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள், ஒரு தடவையில் எவ்வளவு நேரம் கார்டு காக்க வைக்கும் என்று பாருங்கள். எழுதச் சொன்ன பிறகு 250 மில்லிசெகண்ட் வரை ‘பிஸி’ என்று சொல்ல எஸ்டி தரம் கார்டுக்கு உரிமை தந்திருக்கிறது, 32 ஜிபிக்கு மேற்பட்ட வகைக்கு 500. அந்த நேரத்தில் நிரல் அங்கேயே நின்றுவிட்டால் மழைமானியின் சின்ன வாளி நிறைந்து கவிழும்போது வரும் சிக்னலைத் தவறவிடுவீர்கள். சிக்னலை இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் வசதியில்) எண்ணி ரேமில் வைத்து, எழுதும் வேலையைத் தனியாக விடுங்கள்.

கோப்பு காலியாகக் கிடப்பதற்குக் காரணம் வேறு. கார்டில் இருக்கும் ஃபேட் கோப்பு முறையில் கோப்பின் நீளம் டைரக்டரிப் பதிவில் இருக்கிறது, கோப்பை மூடும்போதோ சிங்க் (அதுவரை உள்ளதைக் கார்டில் பதியச் சொல்வது) செய்யும்போதோதான் அது புதுப்பிக்கப்படும். காலையில் திறந்து மாலைவரை மூடாமல் எழுதினால், நடுவில் பேட்டரி இறங்கியதும் நீளம் சுழியமாகவே நிற்கும், தரவு கார்டில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 512 பைட் சேர்ந்ததும் எழுதி, உடனே சிங்க் செய்யுங்கள். எழுதும்போது கார்டு 100 மில்லியாம்பியர் வரைக்கும் அதற்கு மேலும் திடீரென்று இழுக்கும். நோஞ்சான் ரெகுலேட்டர் வைத்த மாட்யூலில் அந்த நொடி வோல்டேஜ் சரிந்து இஎஸ்பி32 ரீசெட் ஆகும். கார்டின் பின்களுக்கு அருகிலேயே ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்கள். வாளி எண்ணிக்கையை மட்டும் ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் அதற்கு ஃபிளாஷே வேண்டாம். எஃப்ஆர்ஏஎம் என்று சின்ன சிப் இருக்கிறது, அழிக்காமலே மேலெழுதலாம், இலட்சம் கோடித் தடவைக்கு மேல் தாங்கும் என்று தரவுத்தாளிலேயே போட்டிருக்கும். 32 கேபி சிப் ஒன்றை ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் மாட்டினால் உங்கள் பெட்டிக்கு அது தாராளம்.